எளிதா, கடினமா என்பதோடு நின்றுவிடும் வினாத்தாள் விவாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் தேர்வு மையத்தின் வாசலில் நின்று, வெளியே வரும் மாணவர்களிடம் வினாத்தாள் எப்படி இருந்தது என்று கேட்டுச் செய்தி வெளியிடுவது நம் நாளிதழ்களின் வழக்கம். எளிதாக இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள், கடினமாக இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். புத்தகத்துக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டார்கள் என்ற புகார் எழும் ஆண்டுகளில் கருணை மதிப்பெண் கோரிக்கையும் சேர்ந்துகொள்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து, வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஒரு வினா எளிதா கடினமா என்பது ஒரு கேள்வி. அந்த வினா மாணவனை எவ்வளவு ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை நாம் பொதுவெளியில் கேட்பதே இல்லை, அதனால் வகுப்பறையிலும் அது கேட்கப்படாமல் போகிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் 4,876ஐ 397ஆல் பெருக்கச் சொன்னால் அது அவனுக்குக் கடினம்தான். பாதிப் பேர் எங்காவது ஒரு மீதியைச் சேர்க்க மறந்து தவறாகத்தான் முடிப்பார்கள். ஆனாலும் அதில் தீர்மானிப்பதற்கு எதுவுமில்லை, சொல்லிக்கொடுத்த வழியில் வரிசையாகச் செய்துகொண்டே போக வேண்டியதுதான். அதே பிள்ளையிடம், ஐந்து எண்களின் சராசரி 8 என்றால் அந்த ஐந்தும் எவையாக இருக்கலாம், அவற்றில் ஒன்றுகூட 8ஆக இருக்கக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். இங்கே வருபவை எல்லாம் சின்னச் சின்ன எண்கள், கூட்டத் தெரிந்தால் போதும். ஆனால் சராசரி என்பதைக் கூட்டி வகுக்கும் செய்முறையாக மட்டும் அறிந்த பிள்ளை திகைத்து நின்றுவிடும். கூடுதலும் குறைவும் சமன்படும் இடம் அது என்று உணர்ந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் மூன்று விடைகள் எழுதிக் காட்டும். முதல் கணக்கு கடினமானது, ஆழமற்றது. இரண்டாவது எளிய எண்களால் ஆனது, ஆழமானது. நம் தேர்வுகள் கடினத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பழகியிருக்கின்றனவே தவிர, ஆழத்தைத் திட்டமிட்டு அமைக்கப் பழகவில்லை.

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய சகாக்களும் 1956இல் கற்றலின் நோக்கங்களை அறிவு முதல் மதிப்பிடல் வரை ஆறு படிகளாகப் பகுத்தார்கள். 2001இல் அது திருத்தப்பட்டு நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாராய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்று ஆயிற்று. பி.எட். படித்த எவருக்கும் இந்த அடுக்கு மனப்பாடம். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் எந்த நோக்கம் எந்தப் படியில் வருகிறது என்று அட்டவணை போட்டுக் கையொப்பம் வாங்கியிருப்போம். இதற்கிடையே 1997இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் வெப் என்பவர், கற்பிக்க வேண்டியவை என்று அறிவித்ததும் தேர்வில் கேட்பதும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சோதிப்பதற்காக, அறிவின் ஆழத்தை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுதல் முதல் நிலை. கருத்தைப் பயன்படுத்துதல் இரண்டாம் நிலை. பல வழிகள் இருக்கும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்து அதற்குக் காரணம் காட்டுதல் மூன்றாம் நிலை. நாள்கணக்கில் விசாரித்துத் தகவல் திரட்டி ஒரு முடிவுக்கு வருதல் நான்காம் நிலை. வினாவின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும் வினைச்சொல்லைப் பார்த்து அதன் நிலையை முடிவு செய்யக் கூடாது, விடை காண மாணவன் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பகுப்பின் உயிர்நாடி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

நாம் அந்த இடத்தில்தான் வழுக்கினோம். ‘வேறுபடுத்துக’ என்று வினா இருந்தால் அது பகுத்தாராயும் வினா, ‘காரணம் கூறுக’ என்று இருந்தால் அது உயர்நிலை வினா என்று சொல்லைப் பார்த்தே பட்டியலில் குறித்துவிடுகிறோம். தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்று கேட்டால், புத்தகத்திலும் கைடிலும் கட்டம் போட்டு அச்சிட்டிருக்கும் அட்டவணையை மாணவன் அப்படியே எழுதித் தருகிறான். அவன் எதையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை, நினைவிலிருந்து ஓர் அட்டவணையை இறக்கி வைக்கிறான், அவ்வளவுதான். புதிய பாடநூல்களில் ‘உயர் சிந்தனை வினாக்கள்’, ‘மேற்சிந்தனைக் கணக்குகள்’ என்று தனித் தலைப்புகள் இருப்பதை நான் மனமார வரவேற்றவன். ஆனால் புத்தகம் கைக்கு வந்த சில வாரங்களிலேயே அந்த வினாக்களுக்கும் விடை எழுதிய கைடு கடைக்கு வந்துவிடுகிறது. ஆசிரியரும் அந்த விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஸ்லிப் டெஸ்ட் வைத்து ஒப்பிக்கச் சொல்லிவிடுகிறார். தலைப்பில் உயர் சிந்தனை என்று இருந்தாலும் அது அந்த நொடியிலேயே முதல் நிலை வினாவாக இறங்கிவிடுகிறது.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். சுற்றிலும் வலை கட்டி ஆடுகளை இரவில் உள்ளே அடைப்பார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள், 24 மீட்டர் வலை இருக்கிறது, செவ்வகமாகக் கிடை கட்ட வேண்டும், ஆடுகளுக்கு அதிக இடம் கிடைக்க எப்படிக் கட்டுவாய் என்று கேட்டேன். சூத்திரம் எதையும் எழுதிப்போடவில்லை. பிள்ளைகள் பத்துக்கு இரண்டு, எட்டுக்கு நான்கு, ஏழுக்கு ஐந்து என்று வரைந்து பார்த்து, ஆறுக்கு ஆறாகக் கட்டினால் 36 சதுர மீட்டர், அதுதான் அதிகம் என்று கண்டுகொண்டார்கள். பாடத்தை முடிக்கலாம் என்று நான் நினைத்தபோது, மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு பையன் எழுந்து, “சார், ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சுவரை வச்சுக்கிட்டா அந்தப் பக்கம் வலை வேண்டாமே?” என்றான். அவன் வீட்டில் ஆடு வளர்த்தார்கள். அடுத்த பாடவேளையும் அதிலேயே போயிற்று. மூன்று பக்கமும் எட்டு எட்டாகக் கட்டினால் 64 என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒரு மாணவி ஆறு, பன்னிரண்டு, ஆறு என்று வைத்து 72 என்று காட்டினாள். ஒரு பக்கம் சுவர் கிடைத்ததும் இடம் சரியாக இரட்டிப்பானது ஏன் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

அதே பையன் அந்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வில் செவ்வகத்தின் பரப்பளவுக்கான சூத்திரத்தை எழுதச் சொன்னபோது சுற்றளவின் சூத்திரத்தை எழுதி மதிப்பெண்ணை இழந்தான். நான்தான் அந்த விடையை அடித்தேன். அடித்தது சரிதான். சூத்திரம் தெரிந்திருக்க வேண்டும், வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும், மனப்பாடப் பாடல் அடிபிறழாமல் வர வேண்டும். நினைவாற்றலை இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை, மனத்தில் எதுவுமே இல்லாமல் யாரும் எதைப் பற்றியும் ஆழமாகச் சிந்திக்க முடியாது. என் வேதனை வேறு. அந்தப் பையனுக்கு எது தெரியாது என்பதைக் காட்ட எங்கள் வினாத்தாளில் இடம் இருந்தது, எது தெரியும் என்பதைக் காட்ட ஒரு வரிகூட இல்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிட முக்கியமானது. புதிதாக வந்த எட்டாம் வகுப்பில் அதே கிடைக் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் நான்கைந்து குரல்கள் “ஆறு, பன்னிரண்டு, ஆறு சார், எழுபத்திரண்டு” என்றன. அக்கா அண்ணன்களின் நோட்டு வீட்டில் இருந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன், ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சொல்லுக்குச் சொல் அதே வினாதான். சென்ற ஆண்டு மூன்றாம் நிலையில் இருந்தது, இந்த ஆண்டு முதல் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வினாவின் ஆழம் தாளில் அச்சிட்ட வாக்கியத்தில் மட்டும் இருப்பதில்லை, அந்த வாக்கியத்துக்கும் அதைப் படிக்கும் பிள்ளை ஏற்கெனவே பார்த்துப் பழகியவற்றுக்கும் இடையே இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்று வலையை மூலையில், இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று மாற்றிக் கேட்டேன். வகுப்பு மீண்டும் அமைதியாயிற்று, பென்சில்கள் நகரத் தொடங்கின. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 என்று வர இருபது நிமிடம் ஆயிற்று.

இப்போது பொதுத்தேர்வுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் 1 மதிப்பெண் வினாக்கள் 14, எழுத வேண்டிய 2 மதிப்பெண் வினாக்கள் 10, 5 மதிப்பெண் வினாக்கள் 10, இறுதியில் 8 மதிப்பெண் வினாக்கள் 2, ஆக மொத்தம் 100. இறுதியில் வரும் அந்த 16 மதிப்பெண் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் உரியது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். மெல்லக் கற்கும் மாணவர்களை வைத்துக்கொண்டு ஜனவரி மாதத்தில் ஒவ்வொரு கணித ஆசிரியரும் போடும் கணக்கு இதுதான்: வரைபடமும் வடிவியலும் 16, புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டால் கூடியவரை 14, மீதி ஐந்தாறு மதிப்பெண்ணுக்கு 2 மதிப்பெண் வினாக்களில் மாறாமல் வரும் சில வகைகள். இதற்கென்றே குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் ஜெராக்ஸ் போட்டுத் தரப்படுகின்றன. இதைச் செய்யும் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் செய்தவன், அந்தக் கையேட்டால் கரையேறிய பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. ஆனால் தொடுகோடு எதற்கு வரைகிறோம் என்று தெரியாமலே தொடுகோடு வரைந்து 8 மதிப்பெண் வாங்க முடிகிறது என்றால், அந்த 8 மதிப்பெண் எதை அளக்கிறது என்று யாராவது கேட்க வேண்டாமா?

புதிய பாடநூல்கள் வரத் தொடங்கிய 2018-19ஐ ஒட்டிய காலத்தில், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூபிரிண்ட் பிளஸ் ஒன் வகுப்பில் கைவிடப்பட்டது. சில பாடங்களை மட்டும் படித்துத் தப்பிக்கும் வழக்கத்தை அது ஓரளவு தடுத்தது, நல்லதுதான். ஆயினும் வினா எங்கிருந்து வரும் என்பதை மறைப்பதும், வினா எந்த நிலையில் சிந்திக்க வைக்கும் என்பதைத் திட்டமிடுவதும் ஒன்றல்ல. புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்றால், எல்லா மூலைகளையும் மனப்பாடம் செய்துவிடும் மாணவர்களும் அப்படிச் செய்ய வைக்கும் பள்ளிகளும் நம்மிடம் உண்டு.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2024-25 கல்வியாண்டு முதல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில், கற்றதை ஒரு சூழலில் பயன்படுத்தச் சொல்லும் திறன் சார்ந்த வினாக்களின் பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. முதல் அடி என்ற அளவில் பாராட்டலாம். அங்கேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. பத்து வரிச் சூழலைக் கொடுத்து, அதன் கீழே அந்தச் சூழலைப் படிக்காமலே விடை சொல்லக்கூடிய வினாவை வைத்தால், அது வாசிக்கும் நேரத்தைத்தான் கூட்டும். பத்தியின் நீளத்தை ஆழம் என்று நம் மாநிலமும் தவறாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பையும் கணிதத்தையும் அறிவியலையும் சோதிக்கும் பன்னாட்டு மதிப்பீடான பிசாவின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. பங்கேற்ற எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளில் இரண்டும் கடைசி வரிசைக்கு வந்தன. முடிவு 2011இன் இறுதியில் வெளியானதும், கேட்கப்பட்ட சூழல்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்ற விளக்கம் தரப்பட்டது. அடுத்து வந்த 2012 சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டுக்கிடையும் ஏரிக்கரையும் ரேஷன் கடையும் பேருந்து நேர அட்டவணையும் நமக்கு அந்நியமில்லையே! அவற்றை வைத்தாவது நம் வினாத்தாள்களில் புதிய சூழல் வினாக்களை எழுதியிருக்கலாம் அல்லவா? பிசாவை விட்டு விலகியது பெரிய இழப்பு என்று நான் கருதவில்லை. அது எழுப்பிய கேள்வியையும் சேர்த்து விட்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றில் நான்காம் நிலையை யாரும் எதிர்பார்க்க முடியாது, அது நாட்கள் பிடிக்கும் வேலை. அதற்கென்றே 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த, பருவம் நடக்கும்போதே மாணவனை மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டில் செயல்திட்டங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு அது. நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரியும். பருவ இறுதியில் முந்தின நாள் இரவு அப்பாவோ அம்மாவோ பிரவுசிங் சென்டருக்கு ஓடி, படங்களை வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து, சார்ட்டில் ஒட்டி, மினுமினுக்கும் தாளில் ஓரம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நான்கு நிலைகளில் ஆழமானதற்கென்று ஒதுக்கிய இடத்தில், நினைவாற்றல்கூடத் தேவைப்படாத ஒரு வேலை வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் இதை மாற்றிப் பார்த்தோம். பள்ளியின் மேல்நிலைத் தொட்டியில் காலையில் எவ்வளவு தண்ணீர், மாலையில் எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதம் கோல் விட்டு அளந்து குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நாளிலும் மட்டம் குறைந்திருப்பதைத் திங்கட்கிழமைக் குறிப்பில் கவனித்து, குழாய் ஒன்று ஒழுகுகிறது என்று தலைமையாசிரியரிடம் சென்று சொன்னார்கள். உருளையின் கனஅளவு அவர்களுக்கு அதற்குமுன் பாடமாக வந்திருக்கவில்லை. தேவைப்பட்டதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இதற்குச் செலவான பொருள் ஒரு மூங்கில் கழியும் ஒரு நோட்டும்தான்.

அதனால் பள்ளிக்கல்வித் துறையை நான் கேட்டுக்கொள்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. முதலில் பொதுத்தேர்வைத் தொட வேண்டாம். முதல் நிலையில் மட்டும் கற்பித்துவிட்டு மூன்றாம் நிலையில் திடீரென்று கேட்பது அநியாயம், தேர்வு மைய வாசலில் அழும் பிள்ளையின் கண்ணீரில் நியாயம் இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வகுப்பு வரையிலான காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில், 100க்கு 10 மதிப்பெண் புத்தகத்திலோ கைடிலோ அப்படியே இல்லாத வினாக்களுக்கு உரியது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்துத் தொடங்கலாம். வினாத்தாள் தயாரிப்பவரின் படிவத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, இது எந்தப் பக்கத்தில் இதே வடிவில் உள்ளது, விடை காண மாணவன் எதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வினா முதல் நிலை வினா, அதில் எந்த வினைச்சொல் இருந்தாலும் சரி.

விடைக்குறிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல வினாக்கள் பெரும்பாலும் அங்கேதான் சாகின்றன. பல விடைகளுக்கு இடம் தரும் வினாவைக் கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் ஒரே ஒரு விடையை அச்சிட்டு அனுப்பினால், கட்டுக்கட்டாகத் தாள்களை முன்னே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அந்த ஒன்றைத்தான் தேடுவார். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தேர்வில், விகிதமுறையில் செய்ய வேண்டிய கணக்கை ஒரு மாணவி படம் வரைந்து கட்டங்களை எண்ணியே சரியான விடைக்கு வந்திருந்தாள். திருத்தியவர் படிநிலைகள் இல்லை என்று 5க்கு 1 போட்டிருந்தார். மறுமதிப்பீட்டில் அந்தத் தாள் என்னிடம் வந்தது, முழு மதிப்பெண் கொடுக்க நான் இருவரிடம் வாதாட வேண்டியிருந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட்டால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஏற்கத்தக்க வேறு வழிகள் இரண்டு மூன்றையாவது மாதிரியாகக் காட்டி, காரணம் பொருந்தினால் மதிப்பெண் தரலாம் என்று குறிப்பிலேயே எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டால் இந்தப் பயம் நீங்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தேர்வு எழுதிவிட்டு வரும்போது, நீ முன்பு பார்க்காத கேள்வி ஏதாவது வந்ததா, அதை என்ன செய்து பார்த்தாய் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட கேள்வி ஒன்றும் வரவில்லை என்று ஆண்டு முழுவதும் பதில் வந்தால், அதை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக் காலத்தில் மாதிரி வினாத்தாள்களும் விடைகளும் நாளிதழ்களில் வருகின்றன, அவற்றை வெட்டி வைத்துப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளை நான் அறிவேன், அந்தத் தொண்டு தொடர வேண்டும். அதோடு வாரம் ஒரு முறை, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரே ஒரு வினாவை, விடை அச்சிடாமல் வெளியிடுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகள் அனுப்பும் விடைகளில் மாறுபட்ட வழிகள் இரண்டு மூன்றை அவர்கள் எழுதியவாறே போடுங்கள். என்னிடம் பல ஆண்டுகளாக வகுப்பில் கேட்டுப் பார்த்து, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஓரத்தில் குறித்து வைத்த வினாக்கள் மூன்று நோட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான கணிதத்துக்கானவை. தாங்கள் விரும்பினால் முதல் நோட்டை நகல் எடுத்து இந்த மாத இறுதிக்குள் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
தஞ்சாவூர் மாவட்டம்.